எட்டு மில்லி

சனிக்கிழமை ராத்திரி
பாசீர் கூடாங்கிலிருந்து வந்த சந்திரகாசன்
வேனிலிருந்து இறக்கியது மூன்றடித் தொட்டி,
துருப்பிடித்த ஸ்டாண்டு,
ஒரு பை கூழாங்கல்.
ஸ்கூடாயில் எவனோ மீன் வளர்ப்பதை விட்டுவிட்டானாம்.
எண்பது வெள்ளி.

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம்.
ஒரு கால் தரையைத் தொடவில்லை.
அழுத்தினால் டக். விட்டால் டக்.
லோஷினிக்கு அதுவே விளையாட்டு.

அவர் சட்டைப்பையிலிருந்து
விழாத நாலு நம்பர் சீட்டுகளை எடுத்து
எட்டாய் மடித்துக்
காலுக்கடியில் செருகினார்.
'இதுக்காச்சும் உதவுச்சே.'
சிரித்தோம்.
ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிட்டார்.
'தண்ணி ஊத்தி வை. மீன் அடுத்த வாரம்.'

நான் ரெங்கத்துக்கு வெளியே
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு தடவை,
வெறுமையாய்த் திரும்பும்போது ஒரு தடவை.
பதினேழு வருஷமாய்
கழித்துக் கழித்தே பழகிய கை.
நூற்றைம்பது லிட்டர், நூற்றைம்பது கிலோ.
கல், கண்ணாடி, இரும்பு சேர்த்தால் இருநூறு தாண்டும்.
அதைக் காகிதத்தின் மேல் நிறுத்த
மனசு வரவில்லை.

திங்கட்கிழமை
ஃபிட்டர் ரஃபிக்கிடம் ரசமட்டம் கேட்டேன்.
வீடு கட்டுகிறீர்களா அக்கா என்றான், மலாயில்.
இல்லை, மீனுக்கு என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
நாலு இரும்புத் தகடும் சேர்த்துக் கொடுத்தான்.

ராத்திரி லோஷினி டார்ச் பிடிக்க
தரையில் கவிழ்ந்து படுத்தேன்.
எட்டு வருஷமாய்க் கூட்டிப் பெருக்கிய தரை.
கன்னத்தை வைத்தபோதுதான் தெரிந்தது
அது சமையலறைப் பக்கமாய் இறங்குவது.
ரசமட்டத்தில் குமிழி
வாசல் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டு
வர மாட்டேன் என்றது.

கையைத் தவறிய வெங்காயமெல்லாம்
ஏன் கேஸ் தோம்புக்குப் பின்னால் கிடக்கிறது,
அறைக் கதவு ஏன்
நடுராத்திரியில் தானாய்த் திறந்துகொள்கிறது.
(அதற்கு ஒருமுறை பூசாரியை அழைத்து
எலுமிச்சம்பழம் கட்டினோம்.
இருபது வெள்ளி, ஒரு சேவல்.)

பக்கத்து வீட்டு மாக் ஜா முன்பே சொல்லியிருக்கிறாள்.
இந்தத் தாமான் வருமுன் இங்கே கித்தாக் காடு.
மரத்தை வெட்டியவன்
வேரை விட்டுவிட்டு மேலே மண் தள்ளி
சிமெண்டை ஊற்றிவிட்டானாம்.
அடியில் வேர் மக்குகிறதாம்.
வாடகை ஏற்றும்போது வீட்டுக்காரர் இதைச் சொல்லவில்லை.

நாலு விரல் உயரம் மட்டும் தண்ணீர் ஊற்றினேன்.
லோஷினியின் பள்ளி ரூலரை நிறுத்தினேன்.
வாசல் பக்கம் ஏழு சென்டி.
சமையலறைப் பக்கம் ஏழும் எட்டு மில்லியும்.
இறைத்தேன். தூக்கினேன். தகடு வைத்தேன்.
ஊற்றினேன். அளந்தேன். இறைத்தேன்.
பின்காலுக்கு ஒரு தகடு.
முன்காலுக்கு ஒரு தகடும்
மைலோ டின் மூடியில் வெட்டிய துண்டும்.
பதினொன்றரைக்குக் குமிழி நடுவில் வந்து உட்கார்ந்தபோது
லோஷினி டார்ச்சோடு தூங்கியிருந்தாள்.

தொட்டி நிறைந்ததும்
கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும்
மார்க்கர் பேனாவால் சின்னதாய் ஒரு கோடு போட்டேன்.
சீட்டு ஒன்றைத் தகட்டின் மேல்
நுனி வெளியே தெரிகிற மாதிரி விட்டுவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை
பிளாஸ்டிக் பையில் ஆறு மீன் கொண்டுவந்தவர்
சீட்டின் நுனியைப் பார்த்தார்.
'பாத்தியா, தாங்குது!'

அது மார்ச்சில்.
இப்போது ஜூலை.
தண்ணீர் தினமும் கொஞ்சம் வற்றுகிறது.
வற்றுவது இரண்டு பக்கமும் ஒரே அளவு.
அதைக் கழித்துவிட்டால்
சமையலறைப் பக்கம் ஒன்றரை மில்லி மிச்சம்.
காலண்டரின் பின்பக்கம் தேதியோடு எழுதிவைக்கிறேன்.

நேற்று டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்,
'அப்படி என்னத்தப் பாக்கிறே, இவ்வளவு நேரம்?'
'அந்தச் செவப்பு மீனைத்தான்' என்றேன்.
நகர்ந்து வந்து
என் பக்கத்தில் உட்கார்ந்து
அவரும் பார்த்தார்.

மிச்சம் இரண்டு தகடு
அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.